உபதேசியார் விழுந்த இடங்கள்

அவர் விழுந்தால் உடனே எழுந்திருக்க மாட்டார். சைக்கிள் ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம், செருப்பு இன்னொரு பக்கம் கிடக்க, அவர் மட்டும் கன்னத்தை மண்ணில் வைத்தபடி மூக்குக்கு எதிரே முளைத்திருக்கும் செடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். தும்பை, குப்பைமேனி, கோரை, எதுவாக இருந்தாலும் சரி. முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்துகொண்டிருக்கும். நான் பதறிக்கொண்டு ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கினால், "சித்தெ இருங்க தம்பி, இது என்னமோ சொல்லுது" என்பார்.

செடி சொல்லி முடித்த பிறகுதான் எழுந்திருப்பார். மண்ணைத் தட்டிக்கொண்டு, சிரித்த முகமாக, "இன்னொருக்கா ஏறலாமுங்க" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை அந்த இரண்டு மாதத்தில் நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கனவில்கூடக் கேட்டேன்.

அப்போது துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டோரத்தில் நான் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தேன். நீலகிரி பைக்காரா அருவியிலிருந்து கரண்டு வந்து கோயமுத்தூரைச் சுற்றி மில்லாக முளைத்துக்கொண்டிருந்த காலம். மில்லுக்குப் போகிறவனுக்கெல்லாம் சைக்கிள் வேண்டும். என்னிடம் ஐந்து சைக்கிள், ஒரு பம்ப், பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, மூக்கு நுனியில் கோபம், இவ்வளவும் இருந்தன. வயது இருபத்தாறு. சைக்கிள் விஷயத்தில் இந்த ஜில்லாவிலேயே என்னைவிட விவரம் தெரிந்தவன் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கெடுக்க அவர் வந்து சேர்ந்தார்.

வந்ததே ஒரு கூத்து. ஒரு நாள் காலையில் மாட்டு வண்டி ஒன்று கடை முன்னால் நின்றது. வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஒரு சைக்கிளைப் படுக்கப்போட்டு, கயிற்றால் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஐம்பதை நெருங்கிய ஒருவர், நோயாளிக்குத் துணைக்கு வந்தவர் மாதிரி அதன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலைப்பாகை, கையில் கனமான வேதப் புத்தகம். மிஷன்காரர்களின் உபதேசியார் என்று பார்த்ததுமே தெரிந்தது. துடியலூரை ஒட்டி வீட்டை வைத்துக்கொண்டு, நடந்தே ஊர் ஊராகப் போய் ஜெபம் செய்கிறவர் என்று அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அவரைத் தெரியும்.

"ஏனுங்க தம்பி, இதை ஓட்டப் பழக்கி உடுவீங்களாமா?" என்று கேட்டார்.

"சைக்கிளுக்கு என்னுங்க நோவு? படுத்த படுக்கையா வந்திருக்குது" என்றேன்.

"அது நல்லாத்தானுங்க இருக்குது. எனக்குத்தான் அதைப் பாத்தா கால் நடுங்குது."

விஷயம் இதுதான். மிஷனில் ஆள் குறைப்பு. அதுவரை அவருக்கு ஐந்து ஊர். எல்லாம் அன்னூர்ப் பக்கம் சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னச் சபைகள். பக்கத்து உபதேசியாருடைய நான்கு ஊரையும் சேர்த்து இனிமேல் ஒன்பது ஊர், ஒரே ஆள். ஒன்பது ஊரை நடந்து பார்க்க முடியாது. அதனால் அவருக்கு ஒரு பழைய சைக்கிளை அனுப்பி, கூடவே ஒரு கடிதமும் அனுப்பியிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, விளைந்ததைச் சபையில் காணிக்கை வைக்கிற அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை, அன்னூர்ச் சபைக்கு மேல்விசாரணைத் துரை வருவார். அன்றைக்கு உபதேசியார் தாமே சைக்கிள் ஏறி அங்கே வந்து சேரவேண்டும். வந்தால் ஒன்பது ஊரும் அவருக்கு. வராவிட்டால் ஊர்களை ஒரு வாலிபனிடம் கொடுத்துவிட்டு, அவரை டவுனில் பையன்கள் விடுதிக்குக் காவலாக உட்காரவைத்து விடுவார்கள்.

"இருபது வருசம் நடந்த ஊருங்க தம்பி. அந்த ஊருல ஆரு ஊட்டுல எந்தக் குழந்தைக்கு எப்பப் பல்லு மொளச்சதுன்னு எனக்குத் தெரியும். உட்டுட்டுப் போகச் சொன்னா நான் எங்கீங்க போவேன்?" என்றார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நான் அவரைச் சிரிக்காமல் பார்த்தது அநேகமாக அந்த ஒரு முறைதான். எனக்கும் என்னவோ போல ஆகிவிட்டது. பழக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த அரை மணி நேரத்தில், ஏன் கொடுத்தோம் என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ஏறுவதற்கு முன்னால் ஜெபம் செய்வார். முதல் நாள் சின்ன ஜெபம். விழ விழ ஜெபம் நீளமாயிற்று. பத்தாம் நாள் வாக்கில், நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றே ஒரு தூக்கம் போடலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஆமென் சொல்லி ஏறுவார். நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். "உட்டுறாதீங்க தம்பி, உட்டுறாதீங்க" என்று கத்துவார். நான் விடுவேன். விட்டதும் சைக்கிள் நேராகப் போகும். அவர் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான், பள்ளம்.

எருக்கின் மேல் விழுந்த அன்று, ரோட்டோர வளைவில் பால் வடிய அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இதுக்கு ஆருங்க தண்ணி ஊத்துறாங்க?"

"ஆரும் ஊத்தறதில்லீங்க. பால் கண்ணுல பட்டுறப் போகுது, எந்திரிங்க."

"சித்திரை வெய்யில்ல மத்ததெல்லாம் கருகிக் கெடக்கறப்பத்தான் இது பூக்குது. அப்ப நான் ஒருக்கா உழுந்ததுக்கு அழுகறது என்னுங்க நாயம்? கர்த்தரு எனக்குன்னே இங்க நட்டு வெச்சிருக்காருங்க."

அவருக்கென்றே நட்டு வைத்திருக்கிறார் என்றால் கர்த்தர் அந்த ரோடு முழுக்க நட்டிருக்கவேண்டும். பிரண்டை வேலியில் மாட்டிக்கொண்ட நாளில், துண்டு துண்டாக வெட்டிப் போட்டாலும் கணுவுக்குக் கணு துளிர்க்கிற அதன் பிடிவாதத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். வேட்டி முழுக்க நாயுருவி ஒட்டிக்கொண்டபோது, "இப்படித்தானுங்க ஒட்டிக்கிட்டே ஊர் ஊருக்குப் போகோணும்" என்று, ஒரு விதையைக்கூட உதறாமல் வீட்டுக்குப் போனார். தொட்டாற்சுருங்கியின் மேல் விழுந்துவிட்டு, அது மறுபடி விரிகிறவரை எழுந்திருக்கமாட்டேன் என்று அடம்பிடித்தார். அது விரிந்தது. அவரும் எழுந்தார். எனக்குத்தான் அதற்குள் இரண்டு வாடிக்கை போய்விட்டது.

கொஞ்ச நாளில் அவர் விழுந்த இடங்களுக்கெல்லாம் பெயர் வந்துவிட்டது. எருக்கு வளைவு, தும்பை மேடு, பிரண்டை வேலி. நான் கேலியாக வைத்த பெயர்கள்தான். ஆனால் ஒரு நாள் யாரோ ஒருவர் வண்டிக்காரனிடம், "என்னை எருக்கு வளைவுல எறக்கி உட்டுருப்பா" என்று சொன்னதை நானே காதால் கேட்டேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உபதேசியாரிடம் சொன்னதற்கு, ரொம்பவும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அவருடைய வேதப் புத்தகத்தை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கிறேன். எழுத்தைவிட இலைதான் அதிகம். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் காய்ந்த செடி ஒன்று மடியில் விழும். அவர் வீட்டம்மா, அடிபட்ட முழங்காலுக்குக் குப்பைமேனி அரைத்துப் போட்டபடியே என்னிடம் முறையிட்டார்: "கண்ணாலமான நாள்ல இருந்து பாக்கறனுங்க, மத்த ஆம்பளைங்க ஊட்டுக்குப் பூவு வாங்கியாராங்க, இந்த மனுசன் குப்பைச் செடியத்தான் கொண்டாராரு."

உபதேசியார் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "பாத்தீங்களா தம்பி, எது மேல உழுந்தனோ அதையே மருந்தா அரைச்சுப் போடறா. உழுகற எடத்துலயே மருந்தையும் வெச்சிருக்காரு!" என்று குதூகலப்பட்டார். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு செடியிலாவது இந்த மனிதரை மடக்கவேண்டும் என்று நினைத்தேன். என் கடைக்குப் பக்கத்துச் சாக்கடையோரத்தில் ஒரு ஊமத்தைச் செடி இருந்தது. ஒரு நாள் அதைக் காட்டி, "சரி, இதுல என்ன தெம்பு இருக்குது, சொல்லுங்க பாப்போம்" என்றேன். விஷச்செடி, தின்றால் பைத்தியம் பிடிக்கும், காயெல்லாம் முள். உபதேசியார் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, "இது இன்னும் எங்கிட்டப் பேசலீங்க தம்பி" என்று ஒப்புக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன். அன்று மாலை வரைக்கும் விசில் அடித்துக்கொண்டே பஞ்சர் ஒட்டினேன்.

செடிகளின் புகழைச் செடியைப் பிடுங்குகிறவர்களிடமே போய்ச் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் சிகரம். இது அன்னூருக்கு இந்தப் பக்கம், ஒரு கவுண்டருடைய பருத்திக் காட்டில் நடந்தது. ஓரளவு ஓட்ட வந்ததும் அவரைத் தூரமாகக் கூட்டிப்போய்ப் பழக்கிக்கொண்டிருந்தேன். காட்டில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் வரப்பில் நின்றுகொண்டு, அறுகம்புல்லின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வெய்யிலில் செத்தது போலக் கிடக்கும், ஒரு தூறல் விழுந்தால் எழுந்துகொள்ளும், ஆண்டவரை நம்பினவனும் அப்படித்தான் என்று அவர் குரல் ஏற ஏற, பெண்களின் கை ஓய்ந்து போயிற்று. கையில் அதே அறுகம்புல்லைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் வாய்த்துடுக்கான ஒரு பெண், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஏனுங்கோ உபதேசியாரே, இன்னிக்கு நாங்க புடுங்கறோம், நாளைக்கு அது மொளைக்குது. உங்க சாமி அதுக்குக் குடுத்த தெம்புல பாதிய எங்க இடுப்புக்குக் குடுத்திருந்தா ஆகாதுங்களா?"

அதற்குள் கவுண்டர் வந்துவிட்டார். "ஏனுங்க, உங்க சாமிக்கு என்ற பருத்தி மேல என்னுங்க கோவம்?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அந்த ஊரில் திட்டுவதென்றாலும் மரியாதையாகத்தான் திட்டுவார்கள்.

வேறு யாராவதாக இருந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். இவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி, காட்டுக்குள் இறங்கி, அந்தப் பெண்களோடு உச்சிப்பொழுது வரை களை எடுத்தார். நானும் எடுத்தேன். வேறு வழி? "புல்லு தன்ற வேலையப் பாக்குது, நாம நம்ம வேலையப் பாக்கோணும்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். நாங்கள் கிளம்பும்போது அவள், "இடுப்பு வலிச்சாலும் இன்னொருக்கா வாங்கோ" என்று கத்தினாள்.

பண்டிகை ஞாயிறு வந்தது. இத்தனை நாளில் அவர் ஏறப் பழகியிருந்தார், ஓட்டப் பழகியிருந்தார். இறங்கத்தான் வரவில்லை. கால் தரையைத் தொடவேண்டிய நேரத்தில் அவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் முன்னால் நின்று அவரையும் சைக்கிளையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவேன். ஆள் இல்லாவிட்டால் ஏதாவது பள்ளம் நிறுத்தும். சரி, அன்னூர் போய்ச் சேர்ந்ததும் நான் பிடித்துக்கொள்கிறேன் என்று பேசி வைத்துக்கொண்டோம்.

விடிந்ததும் கிளம்பினோம். அவர் முன்னால், நான் பின்னால் இன்னொரு சைக்கிளில். பதினைந்து மைலுக்குக் குறையாது. பஸ் எதிரே வந்தால் ஹாரன் சத்தத்திலேயே விழுந்துவிடுவார் என்பதால், கடைசிப் பகுதியைப் பெரிய ரோட்டை விட்டு இட்டேரி வழியாகக் கூட்டிப்போனேன். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே வண்டித்தடம். ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கே பார்த்தாலும் பச்சை. அவர் ஒரு முறைகூட விழவில்லை. கீர்த்தனை பாடிக்கொண்டே ஓட்டினார். எனக்கே பெருமையாக இருந்தது. நம் கைராசி என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

சபை இன்னும் இரண்டு மைல் இருக்கும்போது, தடம் அகன்று ஒரு வெட்டவெளி வந்தது. அது முழுக்க நெருஞ்சி. தரையோடு தரையாகப் படர்ந்து, மஞ்சள் பூவாகப் பூத்து, அத்தனையும் கிழக்கே சூரியனைப் பார்த்து நின்றன.

நெருஞ்சி முள்தான் எனக்குச் சோறு போடுகிற தெய்வம். இந்த வட்டாரத்தில் பத்துப் பஞ்சரில் எட்டு அதன் புண்ணியம். அதனால் பார்த்த உடனே, "ஓரமா வாங்க! ஓரமா!" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. "தம்பி, அங்க பாருங்க! அத்தனையும் மொகத்தைத் திருப்பிக்கிச்சு! மண்ணோட மண்ணா மிதிபட்டுக் கெடந்தும் மொகம் மட்டும் மேலதான் பாக்குது!" என்று கூவியபடி, கிட்டப் போய்ப் பார்க்கிற ஆசையில், சைக்கிளில் இருக்கிறோம் என்பதையே மறந்து நேராக அதன் நடுவே ஓட்டிக்கொண்டு போனார். அவரைப் பிடிக்கிற அவசரத்தில் நானும் போனேன்.

நான்கு சக்கரமும் சீறின. அவர் நெருஞ்சி மேலேயே விழுந்தார். அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பையைத் திறந்தேன். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், டியூப் மூடி சரியாக மூடாமல் உள்ளே கட்டியாக உறைந்திருந்தது. ஜில்லாவிலேயே விவரம் தெரிந்தவன்! தலையில் அடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் இரண்டு மைல் போய்விடலாம். ஆனால் தள்ளிக்கொண்டு வந்தார் என்றுதான் துரை எழுதிக்கொண்டு போவார். இருக்கிற ஐந்து ஊரும் போய்விடும். என்னால் போய்விடும்.

"முடிஞ்சுதுங்க, உபதேசியாரே. எல்லாம் என்ற தப்பு" என்றேன்.

அவர் கையில் தைத்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே, "முடிஞ்சுதுன்னு இந்தச் செடி சொல்லலீங்களே" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பம்ப்பைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆருங்கோ அது, பம்ப்பை எறியறது?"

அதே பருத்திக்காடு. அதே பெண்கள். இட்டேரி வழியாக வந்ததில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வாய்த்துடுக்குக்காரி பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேலிச் சந்தில் எட்டிப் பார்த்தாள். எங்கள் கோலத்தைப் பார்த்ததும் மற்றவர்களையும் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னோம். அவள் உச்சுக்கொட்டினாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண், பிடுங்கிப் போட்ட அறுகம்புல்லை மாட்டுக்காகக் கோணிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். காலால் மிதித்து மிதித்துத் திணித்தாள். சாக்கு விறைப்பாகத் தானே எழுந்து நின்றது.

நான் அதையே பார்த்தேன். பிறகு டயரைப் பார்த்தேன்.

"அம்மணி, அந்தப் புல்லு வேணும். எவ்வளவு இருக்குதோ அவ்வளவும்!" என்று கத்தினேன்.

டியூபை உருவி எறிந்துவிட்டு, டயருக்குள் புல்லைத் திணிக்க ஆரம்பித்தேன். பெண்கள் வேலிக்கு மேலே கட்டுக்கட்டாக எறிந்தார்கள். ஒருத்தி முறுக்கிக் கொடுத்தாள், ஒருத்தி அமுக்கிப் பிடித்தாள், நான் லிவரால் டயரை ரிம்முக்குள் தள்ளினேன். உபதேசியார் முழங்காலிட்டு ஜெபம் செய்ய ஆரம்பித்ததும், "அப்பறம் பண்ணிக்கலாம், மொதல்ல புல்லை அமுக்குங்கோ" என்று வாய்த்துடுக்குக்காரி அதட்டினாள். அவரும் கண்ணை மூடி, உதடு அசைய, இரண்டு கையாலும் அமுக்கினார். இரண்டு சக்கரமும் முடிந்தபோது வேர்வையில் எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தோம்.

"இந்தப் புல்லு மேலதானே அன்னிக்கு அத்தனை பேசுனீங்க. இன்னிக்கு அது மேலயே போங்கோ" என்றாள் அவள்.

ஏறினார். ஆமென்கூடச் சொல்லவில்லை. நான் என் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, பின்னால் ஓடினேன். ஒரு பர்லாங்குக்கு அந்தப் பெண்களும் ஓடிவந்தார்கள். சக்கரம் கடகடவென்று குதித்தது. ஒவ்வொரு குதிக்கும் டயர் ஓரத்திலிருந்து கொத்தாகப் புல் சிந்தியது. வழியில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கன்றுக்குட்டி, சிந்திய புல்லைத் தின்றுகொண்டே எங்களோடு வந்தது.

சபை முன்னால் பந்தல். பந்தலில் அறுப்பின் காணிக்கை குவிந்திருந்தது. பூசணி, சோளக்கதிர், வாழைத்தார், நிலக்கடலை, கால் கட்டிய கோழிகள். துரை ஆறடி உயரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சபையார் எல்லாரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் சைக்கிளில், தலைப்பாகை அவிழ்ந்து பின்னால் பறக்க, வருவதைக் கண்டதும் ஓவென்று கூச்சல் எழுந்தது. ஒரு பாட்டு ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் சைக்கிள் நிற்கவில்லை. நான் ஐம்பது கஜம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டார். நேராகப் பூசணிக்குள் போனார்.

கோழிகள் கத்தி ஓய்ந்தன. அவர் வழக்கம் போல எழுந்திருக்கவில்லை. கன்னத்தைத் தரையில் வைத்துத் தேடினார். முதல் முறையாக அவர் மூக்குக்கு முன்னால் ஒரு களைச்செடிகூட இல்லை. பூசணி, வாழை, சோளம், எல்லாம் விதைத்துத் தண்ணீர் பாய்ச்சி வளர்த்தவை. பாவம், திகைத்துப் போய்விட்டார். அப்போது முன்சக்கரம் மெல்லச் சுற்றி, டயர் ரிம்மை விட்டு நழுவ, ஒரு கொத்து அறுகம்புல் சரிந்து அவர் முகத்தின் மேலேயே விழுந்தது.

"அட, நீ இங்கயும் வந்துட்டயா!" என்றார்.

துரை குனிந்தார். அவர் தமிழைப் புத்தகத்தில் படித்தவர். "உபதேசியாரே, தாங்கள் இறங்குவதற்குக் கற்றுக்கொள்ளவில்லையா?" என்று கேட்டார்.

"ஏறி வரச் சொல்லித்தானுங்க கடுதாசி வந்துச்சு, தொரை. எறங்கறதைப் பத்தி அதுல ஒண்ணும் எழுதலீங்க."

சபையில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துரை டயரைத் தொட்டுப் பார்த்தார். புல்லை இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. இன்னும் இழுத்தார். என்னைப் பார்த்தார். நான் மூச்சிரைக்க, நெருஞ்சி, சொல்யூஷன், பருத்திக்காடு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அதற்குள் உபதேசியார் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, "தொரைக்குச் சந்தேகம்னா, இன்னொருக்கா ஏறிக் காட்டட்டுங்களா?" என்று கேட்டார்.

துரை தொப்பியைக் கழற்றினார். சிரிக்க ஆரம்பித்தவர், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "வேண்டாம், வேண்டாம். ஒன்பது ஊரையும் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் அப்படியே ஒரு பூசணியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். என் கண்ணிலும் தண்ணீர்தான். ஓடிவந்த தூசு என்று சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பல வருடம் அவர் அந்தச் சைக்கிளில் ஒன்பது ஊரையும் சுற்றினார். கடைசிவரை இறங்க வரவில்லை. அதற்கு ஒன்பது ஊரும் தாமே ஒரு ஏற்பாடு செய்துகொண்டன. உபதேசியார் வருகிற நாளில் சபை வாசலில் இரண்டு ஆண்கள் கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். பாட்டுச் சத்தம் கேட்டதும் தயாராவார்கள். அவர் கண்ணை மூடுவார், அவர்கள் பிடிப்பார்கள். துடியலூரில் அந்த வேலை எனக்கு. புதன்கிழமை சாயங்காலம் அவர் திரும்புகிற நேரத்துக்குக் கடையை விட்டு வெளியே வந்து ரோட்டில் நிற்பேன். ஒரே ஒரு தடவை தவிர அவரை நான் விட்டதில்லை.

அந்த ஒரு தடவையைச் சொல்லிவிடுகிறேன். என் கடைக்கு எதிரிலேயே ஒருவன் பத்துப் புதுச் சைக்கிளோடு பளபளவென்று கடை திறந்திருந்தான். என் ஆட்களெல்லாம் அங்கே போய்விட்டார்கள். ஒரு வாரமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். கடையை மூடிவிட்டு மில்லில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். அன்று புதன்கிழமை. உபதேசியார் பாடிக்கொண்டே வந்தார், என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி நிமிடத்தில் என் கை விலகிவிட்டது. அவர் என்னைக் கடந்து போய்ச் சாக்கடையோரத்து ஊமத்தையின் அடியில் விழுந்தார்.

ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. நான் தூக்கப் போகவும் இல்லை. பக்கத்தில் குந்திக்கொண்டு காத்திருந்தேன். பொழுது இறங்கியது.

"தம்பி," என்றார், மல்லாந்து படுத்தபடியே. "இத்தனை வருசம் நின்னே பாத்தேன், முள்ளுக்காய்தான் கண்ணுல பட்டுது. கீழ கெடந்து பாக்கறப்பத்தானுங்க தெரியுது. ஆடு வாய் வெக்காது, மாடு கிட்ட வராது, ஒருத்தரும் பறிச்சு வெச்சுக்க மாட்டாங்க. ஆரும் வரலீன்னு அது சும்மா இருக்குதுங்களா? பொழுது சாஞ்சா தன்ற பூவைத் தொறந்து வெச்சுருது."

பார்த்தேன். வெள்ளையாக, எக்காளம் போல, ஒரு பூ அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது.

எழுந்தார், வேட்டியைத் தட்டினார். "பாவம், உங்க கை நழுவிருச்சு. மனசுல வெச்சுக்காதீங்க. இன்னொருக்கா ஏறட்டுங்களா?" என்றார். பிடித்து ஏற்றிவிட்டேன். மறுநாள் விடிவதற்கு முன்னால் போய்க் கடையைத் திறந்து வைத்தேன்.

எனக்கு அன்று ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. நேராகக் கேட்க வாய் வரவில்லை. அதனால்தான் கையை எடுத்தேன். இதை அவரிடம் கடைசிவரை சொல்லவே இல்லை.